பேட்டரியைத் தெரியவில்லை என்று டிரோன் சொன்னால்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீ டிரோன் வேலைதானே பார்க்கிற, அதைப் பற்றியே பேசிடு" என்றார். டிரோன் என்றதும் வானம், வேகம், எதிர்காலம் என்று பேசுவார்கள். அதையெல்லாம் பேச என்னைவிட நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள். நான் ரிப்பேர்காரன். மேலே போகும் டிரோன் என்னிடம் வருவதில்லை. மேலே போகாத டிரோன்தான் வரும். அப்படி வருவதில் கணிசமான பங்கு ஒரே புகாரோடு வருகிறது. பேட்டரியை மாட்டியாயிற்று, விளக்கு எரிகிறது, மின்சாரமும் போகிறது. ஆனால் திரையில் பேட்டரியோடு தொடர்பு இல்லை என்றோ, பேட்டரியை அடையாளம் காண முடியவில்லை என்றோ ஒரு வரி ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. மோட்டார் சுற்ற மறுக்கிறது. பசியோடு இருப்பவன் முன்னால் இலை போட்டு, சோறும் வைத்து, "நீ யாருன்னு தெரியலையே" என்று கையைப் பிடித்துக்கொண்ட கதை. இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இது சின்ன விஷயமா என்று கேட்டால், யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கல்யாண வீட்டில் படம் எடுக்கும் டிரோன் நின்றால் ஒரு ஆல்பம் குறையும். நம் ஜில்லாவில் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டிப் பக்கம் மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறவர்களைக் கேளுங்கள். 2018-ல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பிடித்துக்கொண்டது. புழு சின்னதாக இருக்கும்போது அடித்தால் மருந்து கேட்கும். வளர்ந்து குருத்துக்குள் போய் உட்கார்ந்து, தன் கழிவாலேயே வாயை அடைத்துக்கொண்டுவிட்டால், எத்தனை டேங்க் அடித்தாலும் மேலோடு வழிந்துவிடும். அடிக்க வேண்டிய நாட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அந்த நாட்களில் காலைக் காற்று எழும்புவதற்கு முன்னாலும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பின்னும்தான் டிரோனில் அடிக்க முடியும். இந்தக் கணக்கில் ஒரு காலைப் பொழுது போவது பெரிய விஷயம்தான்.

அதோடு இன்று டிரோன் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'நமோ டிரோன் தீதி' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்கள், 1,261 கோடி ரூபாய். டிரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்ச ரூபாய் வரை மானியம். மீதிக்குக் குழு கடன் வாங்கலாம். 15 நாள் பயிற்சி. டிரோனோடு வரும் பேட்டரி போக, கூடுதலாக நான்கு செட். ஐந்து செட்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு நாளைக்கு 20 ஏக்கர் வரை அடிக்கலாம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அது ஐந்து செட்டும் வேலை செய்யும் என்று போட்ட கணக்கு. இரண்டு செட் படுத்துவிட்டால் ஏக்கர் குறையும், கூலி குறையும்; கடன் தவணை மட்டும் குறையாது.

சரி, பேட்டரியை எதற்கு அடையாளம் காண வேண்டும்? நம் காலத்து டார்ச் லைட் பேட்டரியிடம் யாரும் பெயர் கேட்டதில்லை. டிரோன் பேட்டரி கதை வேறு. மருந்து அடிக்கும் டிரோனில் பொதுவாக 12 அல்லது 14 லித்தியம் பாலிமர் செல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், 12 செல்லுக்கு 50.4 வோல்ட். 16,000 மில்லி ஆம்பியர்-மணிப் பேட்டரி என்றால் உள்ளே 710 வாட்-மணி சக்தி. ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு அரை மணி நேரம் எரிகிற அளவு. அதை ஒரு செங்கல் கட்டுக்குள் அடைத்து, பத்து நிமிடத்துக்குள் காலி செய்கிறோம். செல்களில் ஒன்று பின்தங்கினாலும் ஆபத்து. ஆகவே உள்ளே ஒரு காவல்காரனை வைத்திருக்கிறார்கள். பி.எம்.எஸ். என்கிற சின்ன மின்னணுப் பலகை. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜ், வெப்பம், எத்தனை தடவை சார்ஜ் ஆயிற்று, பேட்டரியின் வரிசை எண் எல்லாம் அதற்குத் தெரியும்.

மாட்டியவுடன் நடப்பது இதுதான். இரண்டு தடித்த முனைகள் மின்சாரத்தைக் கொடுக்கின்றன. பக்கத்திலேயே ஊசி போல நாலு சின்ன முனைகள் இருக்கும். அவை பேச்சு முனைகள். டிரோன் கேட்கிறது, பேட்டரி பதில் சொல்கிறது. பேட்டரி தன் நிலையைத் தானே சொல்லும் இந்த யோசனை மடிக்கணினிக்காக வந்தது, அதற்கான எஸ்.எம்.பஸ் விதிமுறை 1995-ல் வெளியானது. மருந்து டிரோன்கள் பலவற்றில் இருப்பது கேன் பஸ். அது 1986-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி காருக்காகக் கொண்டு வந்தது. நம்ம வீட்டுக் காரில் ஓடுகிற அதே பேச்சு. பதில் வரவில்லையென்றால், அல்லது வந்த பதில் புரியவில்லையென்றால், டிரோன் கிளம்பாது. மின்சாரம் முழுசாக இருந்தாலும் கிளம்பாது.

திண்டுக்கல்காரனுக்கு இதை விளக்குவது சுலபம். பூட்டு ஊர் நமக்கு. 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டோம். நாகல் நகர்ப் பட்டறைகளில் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பூட்டுக்கு ஒரு சாவி ராவுவதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். லீவர்கள் அத்தனையும் ஒரே மட்டத்துக்கு எழும்பினால்தான் நாக்கு நகரும். ஒன்று மயிரிழை தாழ்ந்தாலும் சாவி சுற்றாது. சாவி சுற்றவில்லை என்றால் அந்தப் பெரியவர்கள் முதலில் சாவியைக் குறை சொல்ல மாட்டார்கள். பூட்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தொழிலில் நேர் எதிராக நடக்கிறது. அடையாளம் காணவில்லை என்ற வரி வந்தவுடன் எல்லோரும் பேட்டரியைத்தான் தூக்கி எறியப் பார்க்கிறார்கள்.

ஒரு கேஸ் சொல்கிறேன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு குழுவுக்கு டிரோன் ஓட்டுகிற அக்கா. பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார்கள். நாற்பது வயது தாண்டியவர், பத்தாவது வரை படித்தவர். ஒரு நாள் போன்.

"தம்பி, மூணாம் நம்பரும் அஞ்சாம் நம்பரும் காலையில எடுக்குது. பத்து மணிக்கு மேல எடுக்க மாட்டேங்குது. கம்பெனிக்குப் போன் பண்ணேன், ரெண்டையும் மாத்தணும்கிறாங்க. மாத்துறதுக்கு நான் எங்க போவேன்?"

எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாத விஷயம். போனில் கேட்டு அவர்கள் சொன்ன பதிலிலும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் தொழிலில் முதல் சோதனை இடம் மாற்றிப் பார்ப்பது. குறை பேட்டரியோடு போகிறதா, டிரோனோடு நிற்கிறதா? அக்கா அதைச் செய்தே வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, நாலு எடுக்கிறது. மூன்றும் ஐந்தும் எடுக்கவில்லை. குறை பேட்டரியோடு போகிறது. ஆகவே பேட்டரிதான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

நேரில் போனேன். பேட்டரிகளின் முதுகில் ஒவ்வொன்றுக்கும் நெயில் பாலிஷால் எண் போட்டிருந்தார். அதோடு ஒரு நோட்டு. பால் கணக்கு எழுதுகிற மாதிரி நீளமான நோட்டு. தேதி, எந்த எண், எத்தனை மணிக்கு மாட்டியது, எந்த ஊர், யார் காடு, எத்தனை டேங்க், என்ன தகராறு. ஒரு நாள் விடாமல் இருந்தது. தம்பிகளா, ஆய்வகப் பதிவேட்டை மதிப்பெண்ணுக்காகக் கடைசி வாரம் உட்கார்ந்து எழுதிய தலைமுறை நாங்கள். நீங்கள் எப்படி என்று கேட்கவில்லை.

அந்த நோட்டில் இரண்டு சங்கதி இருந்தது. மூன்றும் ஐந்தும் ஒரே வாரத்தில் தகராறு ஆரம்பித்திருக்கின்றன. இரண்டு பேட்டரிகள் தனித்தனியாகக் கெட்டுப் போவதென்றால் ஒரே வாரத்தில் ஏன் கெட வேண்டும்? இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். பொதுவாக இருப்பது டிரோன். இன்னொன்று, அந்த ஐந்தில் அதிகம் ஓடியவை மூன்றும் ஐந்தும்தான். அதாவது அதிகத் தடவை மாட்டிக் கழற்றியவை, முனை அதிகம் தேய்ந்தவை. தகராறு தொடங்கிய வாரத்துக்கு முந்தின பக்கத்தைப் புரட்டினேன். "லோடு ஆட்டோவில் டிரோன் சாய்ந்தது. பேட்டரி உள்ளே. ஒன்றும் ஆகவில்லை" என்று இருந்தது.

மூன்றையும் ஐந்தையும் எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் பக்கம் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு குழுவிடம் போனோம். உச்சி வெயில். இரண்டும் மாட்டிய கணத்தில் எடுத்தன. அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்து டிரோனின் வாயை டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். அந்த நாலு சின்ன முனைகளில் ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. ஆட்டோவில் சாய்ந்தபோது பேட்டரியின் எடை முழுவதும் அந்த வாயில்தான் விழுந்திருக்கும். தேயாத முனைகள் கொண்ட ஒன்று, இரண்டு, நாலு எட்டித் தொட்டுவிடுகின்றன. தேய்ந்த மூன்றும் ஐந்தும் காலைக் குளிர்ச்சியில் ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்; வெயிலேறிப் பிளாஸ்டிக் விரிந்ததும் விலகிவிடும். பேட்டரியோடு போவது போலத் தெரிந்த குறை டிரோனுக்குச் சொந்தம். பூட்டு ஆட்டிப் பார்க்கிற பெரியவர் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்.

வயரிங் நன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். கேன் பஸ்ஸில் இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. அந்தப் பேச்சுக் கம்பி ஜோடியின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்சாரம் எதுவும் இல்லாதபோது இரண்டு கம்பிக்கும் நடுவில் மீட்டர் வைத்தால், இரண்டு 120-ம் இணையாக நின்று 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் இரண்டு கோடியுமே தொடர்பில் இல்லை. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கோடி ரெசிஸ்டரைப் பேட்டரிக்குள்ளேயே வைத்திருக்கும் மாடல்களில் கழற்றிய நிலையில் 120-தான் வரும். எந்த மாடல் என்று தெரிந்துகொண்டு அளக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஓம் விதி படித்தபோது இது எதற்கு ஆகும் என்று நினைத்தவர்களுக்காகச் சொல்கிறேன், அக்காவின் டிரோன் 60 காட்டியது. வயர் சுத்தம், வாய்தான் குறை. கம்பெனியின் அதே பாகத்தை வரவழைத்து வாயை மாற்றினோம். அதன் விலை, இரண்டு செட் பேட்டரி விலைக்கு முன்னால் கடுகு.

எல்லாக் கேஸும் இப்படிக் கதை போல இருக்காது. பெரும்பாலும் அழுக்குதான். நம் சமவெளியில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் மருந்து, நுண்ணூட்டம், தாமிரப் பூஞ்சாணக்கொல்லி எல்லாம் கலக்கிறோம். அந்தச் சாரல் டிரோன் மேல் படாமல் இருக்குமா? தடித்த முனை அதைத் தாங்கும், ஊசி முனை தாங்காது. பச்சை பூத்துவிடும். அதைச் சிலர் உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மேலே இருக்கும் தங்கப் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே இரண்டு மடங்கு பச்சை பூக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ், பிறகு நன்றாக உலர விடுவது, அவ்வளவு போதும்.

அடுத்தது மென்பொருள். டிரோனுக்குப் புது மென்பொருள் ஏற்றிவிட்டு, பேட்டரிகளில் ஒன்றை மட்டும் மாட்டி அதையும் புதுப்பித்திருப்பார்கள். மீதி நாலும் பழைய பாஷை பேசிக்கொண்டிருக்கும். ஒரு பேட்டரி மட்டும் எடுக்கிறது, மற்றதெல்லாம் எடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள். இரண்டு பேட்டரியைச் சேர்த்து மாட்டும் டிரோனாக இருந்தால், ஒன்று முழுதும் ஏறியது, மற்றது அரைகுறை என்றாலும் மறுக்கும். அது குறையே இல்லை, ஒழுங்கு. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜரில் போட்டாலும் சில பேட்டரிகள் பதில் சொல்லாது; 45 டிகிரிக்கு மேல் லித்தியத்தை ஏற்றக் கூடாது, சித்திரை வெயிலில் நிழலில் அரை மணி கிடந்தால்தான் அது இறங்கும்.

இனிச் சொல்வதுதான் கொஞ்சம் சங்கடமான பகுதி. மருந்து அடிக்கும் பருவம் முடிந்ததும் பேட்டரியை மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்துவிடுகிறார்கள். காலியாகவே வைத்துவிடுகிறார்கள். மூன்று நாலு மாதம் கழித்து எடுத்தால், செல் வோல்ட்டேஜ் 3-க்கும் கீழே, சில சமயம் 2-க்கும் கீழே போயிருக்கும். காவல்காரன் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டுவிடுவான். டிரோன் அந்தப் பேட்டரியைத் தெரியவே தெரியாது என்கிறது. செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருந்தால் இந்த வினை இல்லை.

இந்தப் பூட்டைத் திறந்து தருகிறேன் என்று ஆட்கள் இருக்கிறார்கள். பலகையைக் கணினியில் மாட்டி, பூட்டியதற்கான குறிப்பை அழித்துவிட்டு, வெளியிலிருந்து மெல்ல ஏற்றி உயிர் கொடுப்பார்கள். பேட்டரி எழுந்துவிடும், எண்ணும் காட்டும். என்னிடமும் கேட்கிறார்கள். அழுது கேட்டவர்களும் உண்டு. நான் செய்வதில்லை. காரணம் இதுதான்: செல் மிகவும் இறங்கிவிட்டால் உள்ளே எதிர்முனையைத் தாங்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கிறது. திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடங்களில் படிகிறது. ஒரு நாள் அது குறுக்கே பாலம் போட்டுவிடும். எந்த நாள் என்று மீட்டர் சொல்லாது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ராத்திரி வீட்டுக்குள் நடக்கலாம். பெண்கள் களை எடுத்துக்கொண்டிருக்கும் காட்டுக்கு மேலேயும் நடக்கலாம். 710 வாட்-மணி என்று முன்னால் சொன்னேனே, அது அத்தனையும்.

ஆனால் எல்லாப் பூட்டும் இந்த ஜாதி இல்லை. செல்கள் பன்னிரண்டும் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும், பலகை மட்டும் ஈரத்தில் போயிருக்கும். வேறு நல்ல பலகை போட்டால் டிரோன் ஒப்புக்கொள்ளாது. வரிசை எண் பொருந்தவில்லை, ரகசியச் சாவி பொருந்தவில்லை என்கிறது. இங்கே பூட்டு காப்பது பறக்கிறவர் பாதுகாப்பையா, விற்கிறவர் கடையையா? செல்போனில் இந்தச் சண்டை முன்பே வந்தது. 2019-ல் ஐபோன், வெளியில் மாற்றிய பேட்டரியை உண்மையானதா என்று சரிபார்க்க முடியவில்லை எனத் திரையில் எழுத ஆரம்பித்தபோது உலகம் முழுக்கச் சத்தம் கிளம்பியது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் கைபேசியும் காரும் மட்டுமல்ல, விவசாயக் கருவிகளும் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள்.

கம்பெனிகளின் பக்கமும் ஒரு வாதம் உண்டு. 2021 டிரோன் விதிகளின்படி இவை வகைச் சான்றிதழ் வாங்கிய இயந்திரங்கள். சான்றிதழ் வாங்கியபோது இருந்த பேட்டரி வேறு, கண்டவன் கட்டிய பேட்டரி வேறு. விழுந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. நான் கேட்பதெல்லாம், எந்தப் பூட்டு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என்பதுதான். செல் செத்துவிட்டது என்பதற்கும், வாய் தொடவில்லை என்பதற்கும், மென்பொருள் பழசு என்பதற்கும், இது எங்கள் பலகை இல்லை என்பதற்கும் ஒரே ஆங்கில வரியைப் போட்டால், வேடசந்தூரில் வரப்பில் நிற்கிறவர் என்ன செய்வார்? உள்ளே இருக்கும் பலகைக்கு நாலுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் தெரியும். திரைக்குத்தான் சொல்லித் தரவில்லை. அக்கா என்னிடம் போனில் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பி, ஏ, டி, டி என்று. அதைத் தமிழில், நாலு தனித்தனி வரியாகக் காட்டுவதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் என்னிடம் வாருங்கள், கேன் பஸ்ஸிலிருந்து எடுத்த பதிவுகள் நிறைய வைத்திருக்கிறேன்.

பிரியாணி வாசனை வர ஆரம்பித்துவிட்டது, செயலாளர் அண்ணனும் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிரித்துவைத்த பேட்டரிப் பலகை ஒன்றும், அக்காவின் டிரோனிலிருந்து கழற்றிய அந்த வாயும் கொண்டுவந்திருக்கிறேன். செல் எதுவும் கிடையாது, பயப்படாமல் கையில் எடுக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு மின்னணுவியல் ஆய்வகத்தில் மேசை மேல் வைத்திருப்பேன். எந்த முனை தாழ்ந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். பூதக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் வரவும்.